காஜிமார் தெரு சந்து பைண்டிங் கடையும் என்னோட எஸ்ரா பவுண்ட் நோட்டும்

மதுரைல பழைய டைரி, தாத்தா காலத்து பாட்டு நோட்டு, குடும்பக் கணக்குன்னு எதையாச்சும் வச்சுக்கிட்டு இது பிஞ்சு போகுதே யாருகிட்ட குடுக்கிறதுன்னு தெரியாம இருக்கவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். காலேஜ் புராஜெக்ட்டுக்கு பைண்டிங் போட ஊர் முழுக்க கடை இருக்கு, சாயங்காலம் குடுத்தா காலைல வாங்கிக்கலாம், ஆனா கையால தச்சு, உள்ள ஒட்டுனது ஒண்ணும் போகாம, இருக்கிறத இருக்கிறபடியே காப்பாத்திக் குடுக்கிற ஆளு எனக்குத் தெரிஞ்சு இவரு ஒருத்தருதான்.

பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே போயிரலாம். காஜிமார் பெரிய பள்ளிவாசலத் தாண்டி கொஞ்ச தூரம் போனா ரெண்டு ஆளு சேந்தாப்ல நடக்க முடியாத ஒரு சந்து வரும், அதுக்குள்ள இஸ்திரி வண்டி நிக்கும், அதுக்கு எதுத்தாப்ல. போர்டு கிடையாது. வாசல்ல நூல் கண்டு தொங்கும், மைதா பசை வாசம் வரும், அதான் அடையாளம். எழுவது வயசு இருக்கும் பாய்க்கு, கூட ஒரு பையன் இருக்கான். வெள்ளிக்கிழமை போகாதீங்க, ஜும்மாவுக்குப் போயிட்டு அன்னிக்கு பெரும்பாலும் கடை திறக்க மாட்டாரு.

நான் கொண்டு போனது என்னன்னு சொன்னாத்தான் அவரு செஞ்ச வேலையோட அருமை புரியும். எங்க அப்பாவுக்கு கீழமாசி வீதில மொத்த மளிகைக் கடை, வத்தல், மல்லி, புளி. சித்திரை ஒண்ணுக்கு புதுக்கணக்கு எழுத செவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு வாங்குவாக, 1989ல ஒண்ணு கூடுதலா வாங்கிட்டாக, மஞ்சள் தடவி பிள்ளையார் சுழி போட்டு லாபம்னு எழுதுனதோட அது அப்படியே கெடந்துச்சு. நான் அப்ப எம்.ஏ. இங்கிலீஷ் மொத வருஷம், அத எடுத்துக்கிட்டு வந்து எஸ்ரா பவுண்ட்ங்கிற அமெரிக்கக் கவிஞரப் பத்தி கெடைக்கிறதெல்லாம் ஒட்ட ஆரம்பிச்சேன். லைப்ரரி புக்குல எடுத்த ஜெராக்ஸ், கையால பாத்து எழுதுனது, பேப்பர்ல வந்த துண்டு, ஃபிரண்ட்ஸ் அனுப்புனது, நானே பண்ணுன தமிழ் மொழிபெயர்ப்பு, எல்லாம் பற்று வரவுன்னு கோடு போட்ட தாள்லயே. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஏன் அந்த ஆளுன்னு நெறைய பேரு கேட்டிருக்காக. வத்தலக்குண்டுக்காரரு சி.சு.செல்லப்பா 1959ல ஆரம்பிச்ச எழுத்து பத்திரிகையோட பழைய இதழ் சிலது எனக்குக் கெடச்சுச்சு, புதுக்கவிதைன்னா என்னன்னு அதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன், அந்தப் புதுசு எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு நூலப் புடிச்சுக்கிட்டுப் போனா கடைசில பவுண்ட்கிட்ட கொண்டு போயி விடுது. அந்த நேரத்துல எங்க புரொஃபசர் கிளாஸ்ல பவுண்டோட மெட்ரோ கவிதைய போர்டுல எழுதுனாரு. ரெண்டே வரி. பாரிஸ்ல தரைக்கு அடில ஓடுற ரயில் ஸ்டேஷன், கூட்டத்துல தெரிஞ்சு மறையுற முகம், நனைஞ்ச கறுப்புக் கிளைல ஒட்டியிருக்க பூவிதழ், அம்புட்டுதான். 1913ல வந்தது. மொதல்ல முப்பது வரி எழுதி அத அழிச்சிட்டு, ஆறு மாசம் கழிச்சு அதுல பாதியாக்கி, இன்னொரு வருஷம் போயி இந்த ரெண்டு வரிக்கு வந்தேன்னு அவரே எழுதியிருக்காரு. அன்னிக்கு சாயங்காலம் நல்ல மழை, பெரியார் பஸ் ஸ்டாண்டுல திருமங்கலம் பஸ்ஸு வந்து நின்னதும் ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி வரிசையா முகம் முகமா, கண்ணாடி இல்லாத ஜன்னல், எல்லாரு மூஞ்சியிலயும் சாரல். நான் அந்த பஸ்ல ஏறாம அப்படியே நின்னேன். நோட்டோட மொதப் பக்கம் அந்த ரெண்டு வரிதான், லாபம்னு அப்பா எழுதுனதுக்குக் கீழயே.

அதுக்கப்புறம் டி.எஸ்.எலியட்ங்கிற கவிஞரோட 1922ல வந்த தி வேஸ்ட் லேண்ட்ங்கிற நீளக் கவிதைய பவுண்ட் எப்படி வெட்டிச் சுருக்குனாருன்னு காட்டுற பக்கங்க, அந்தக் கையெழுத்துப் பிரதி 1971ல புக்காவே வந்துச்சு, அதுல நாலஞ்சு பக்கம் ஜெராக்ஸ் ஒட்டியிருக்கேன். அடிச்ச கோட்டப் பாத்தாலே கை எம்புட்டு தைரியமான கைன்னு தெரியும். எலியட் அந்தக் கவிதையவே அவருக்குத்தான் காணிக்கை பண்ணுனாரு, என்னை விடத் தேர்ந்த கைவினைஞன்னு இத்தாலி மொழில போட்டு.

அடுத்தாப்ல சீனக் கவிதை. பவுண்ட் இங்கிலீஷ்ல பண்ணுனது, 1915ல வந்த சின்ன தொகுப்பு. அதுல ஒண்ணு லி பாய்ங்கிற பழைய சீனக் கவிஞர் எழுதுனது, யாவாரத்துக்கு ஆத்து வழியா தூரமாப் போன புருஷனுக்கு சின்ன வயசுப் பொண்டாட்டி எழுதுற கடுதாசி. பவுண்டுக்கு சீனமே தெரியாது, ஃபெனலோசான்னு ஒருத்தரு எழுதி வச்ச குறிப்ப வச்சுத்தான் பண்ணுனாரு. ஆனா வாசல்ல பாசி படிஞ்சு போச்சு, பெருக்கி எடுக்க முடியல, ஜோடி ஜோடியா பட்டாம்பூச்சி போகுது, பாக்கப் பாக்க மனசு நோகுதுன்னு வர்ற எடம் அகநானூறு மாதிரியே இருக்கும். பொருள் தேடப் புருஷன் பிரிஞ்சு போறத பொருள்வயின் பிரிவுன்னு நம்ம பாட்டுல சொல்லுவாகல்ல, அதேதான். எங்க அப்பா குண்டூருக்கு வத்தல் புடிக்கப் போனா பதினஞ்சு நாளு வர மாட்டாக, எங்க அம்மா வாசல் தெளிச்சிட்டு தெருவையே பாத்துக்கிட்டு நிப்பாக. அத நெனச்சுக்கிட்டே நான் தமிழ்ல பண்ணுன மொழிபெயர்ப்பு அதுல இருக்கு, நாலு தடவை அடிச்சுத் திருத்துனது.

இப்ப கஷ்டமான பக்கத்துக்கு வர்றேன். இதே ஆளுதான் முசோலினிய தலைல தூக்கி வச்சு ஆடுனது. யுத்தத்துல அமெரிக்காவும் இத்தாலியும் எதிரியா நிக்கிறப்ப, அமெரிக்காக்காரரான இவரு ரோம் ரேடியோவுல இருந்து நூத்துக்கும் மேல பேச்சு பேசுனாரு, யூதர்கள அம்புட்டு அசிங்கமாத் திட்டி. 1943ல அமெரிக்கா தேசத்துரோகக் கேஸு போட்டுச்சு. 1945ல புடிச்சு பீசாவுக்குப் பக்கத்துல ராணுவச் செறைல ஆறடிக்கு ஆறடி இரும்புக் கூண்டுல திறந்த வெளில மூணு வாரம் வச்சிருந்தாக, அப்ப அவருக்கு அம்பத்தொம்பது வயசு. அந்தக் கூண்ட நானே ஸ்கேல் வச்சு வரைஞ்சு ஒட்டியிருக்கேன். புத்தி சரியில்லன்னு சொல்லி வாஷிங்டன்ல மனநல ஆஸ்பத்திரில பன்னெண்டு வருஷத்துக்கு மேல இருந்தாரு. அங்க இருக்கும்போதே 1949ல, அந்தச் செறை முகாம்ல எழுதுன காண்டோக்களுக்கு, அதாவது அவரோட நீளக் கவிதையோட பகுதிகளுக்கு, போலிங்கன்னு ஒரு கவிதைப் பரிசு குடுத்தாக, அமெரிக்க காங்கிரஸ் லைப்ரரி சார்பா, அதுக்கு பெரிய சண்டையே வந்து கடைசில லைப்ரரி அந்தப் பரிசு குடுக்கிற வேலைலருந்தே விலகி யேல் யுனிவர்சிட்டி எடுத்துக்கிருச்சு. 1958ல விடுதலை. அந்த வருஷத்துப் போட்டோ ரெண்டு என்கிட்ட இருக்கு. ஒண்ணு அவெடான்ங்கிற போட்டோகிராஃபர் எடுத்தது, கண்ண மூடிக்கிட்டு முகமெல்லாம் சுருக்கமா, பாத்தா பாவமா இருக்கும். இன்னொண்ணு இத்தாலிக்கு கப்பல்ல வந்து சேந்தப்ப கைய நீட்டி ஃபாசிஸ்ட் சல்யூட் வைக்கிறது. பரிதாபப்பட்டுக்கிட்டு இருக்கும்போதே அடுத்த படம் வந்து நெஞ்சுல குத்தும்.

வட்டியப் பத்தி ஒரு காண்டோ இருக்கு, நாப்பத்தஞ்சாவது, 1937ல புக்கா வந்துச்சு. வட்டி இருக்க எடத்துல நல்ல கல்லுல வீடு நிக்காது, ரொட்டி ருசிக்காது, கொத்தனுக்கு கல்லு சேராதுன்னு மந்திரம் மாதிரி அடுக்கிக்கிட்டே போகும். கீழமாசி வீதில பொறந்து வளந்த எனக்கு அது அடுத்த கடை பேச்சு மாதிரி இருந்துச்சு, கந்து வட்டில தொலைஞ்ச குடும்பத்த எல்லாம் கண்ணால பாத்திருக்கேன். ராத்திரி கடை அடைச்சிட்டு வந்த அப்பாகிட்ட தமிழ்ல சொல்லிக் காட்டுனேன். அவுக சட்டையக் கழட்டி மாட்டிக்கிட்டே கேட்டாக, நல்லாத்தான் சொல்லிருக்கான்னாக. அப்புறம் இந்த ஆளு அதுக்காக ஒரு இனத்தையே திட்டுவாருப்பான்னு சொன்னேன். "வட்டி வாங்குறவனத் திட்டு, அவன் பொறப்ப எதுக்குடா திட்டணும்? எனக்கு வட்டிக்குக் குடுக்கிறது யாரு, நம்ம ஆளுதான்" அப்படின்னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துட்டாக. அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சில்ல அப்பா சொன்னது தேதியோட இருக்கு. பவுண்டும் சாகப் போற வருஷம், 1972 ஜூலைல, வட்டி விஷயத்துல நான் பார்வை பிசகிட்டேன், நோயோட அறிகுறியப் போயி காரணம்னு நெனச்சுட்டேன், காரணம் பேராசைங்கிற மாதிரி எழுதுனாரு. அந்தப் பக்கத்த அமெரிக்காவுல படிச்ச ஒரு ஃபிரண்டு எனக்கு ஃபேக்ஸ்ல அனுப்புனான், எஸ்.டி.டி. பூத்துல நின்னு வாங்குனேன்.

அந்த ஃபேக்ஸுக்குத்தான் மொதல்ல கேடு வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நோட்டோட முதுகு விட்டுப் போயி தாளெல்லாம் கழண்டு வர, வேற ஒரு கடைல குடுத்தேன், பேரு வேண்டாம். ரிப்பேர் பண்ணித் தாங்கன்னு சொன்னதுக்கு கிழிஞ்ச எடத்துல எல்லாம் செல்லோடேப் ஒட்டி, நல்லா இருக்கட்டும்னு சில பக்கத்த எடுத்து லேமினேஷன் போட்டு வச்சிருந்தாக, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. பழைய ஃபேக்ஸ் தாளு சூட்டுக்கு கறுக்கிற தாளு. அந்தப் பக்கம் முழுசா கறுப்பாப் போச்சு. நான் தப்பா நெனச்சுட்டேன்னு அந்த மனுசன் ஒத்துக்கிட்ட ஒரே பக்கம். பக்கத்துல தமிழ்ல எழுதி வச்சிருந்ததுனால விஷயம் பொழச்சுச்சு, ஆனா கடைல நின்னப்ப எனக்கு தொண்டை அடைச்சுப் போச்சு, சண்டை போடக்கூடத் தோணல, காச குடுத்துட்டு வந்துட்டேன்.

அதுனால பாய்கிட்ட போகும்போது பயந்துக்கிட்டேதான் போனேன். அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு தாளா, ஒண்ணும் பேசாம, அரை மணி நேரம் பொரட்டுனாரு. இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. பசை எப்ப ஒட்டுனது, எது பசை எது கோந்து, ராமபாணப் பூச்சி எதுவரைக்கும் ஓட்டை போட்டிருக்குன்னு விரல வச்சே சொன்னாரு. கட்டிங் மெஷின்ல வைக்கவே கூடாது தம்பி, ஓரத்துல எழுத்து இருக்குன்னு அவராத்தான் சொன்னாரு. எனக்கு அப்பவே பாதி நம்பிக்கை வந்துருச்சு.

நான் ஒரு யோசனையோட போயிருந்தேன். என் மக சென்னைல படிக்கிறா, போன தீபாவளிக்கு வந்தப்ப நோட்ட எடுத்து படிச்சிட்டு ரேடியோ பேச்சு பக்கத்துல நிறுத்தி "இத ஏன்ப்பா வச்சிருக்கீங்க, இவ்வளவு கேவலமாப் பேசுனவனுக்கு நோட்டு போட்டு வைக்கணுமா"ன்னு கேட்டா. அவ கேட்டது ஞாயம். எனக்குப் பதில் வரல. அதுனால ரெண்டா பிரிச்சிரலாம், கவிதை எல்லாம் ஒரு புக்கு, ரேடியோ கேஸு ஆஸ்பத்திரி எல்லாம் இன்னொரு புக்கு, கவிதை புக்க அவளுக்குக் குடுத்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன். பாய்கிட்டயும் அப்படியே சொன்னேன்.

அவரு ஒரு கட்டப் பிரிச்சு என் கைல குடுத்தாரு. பேரேடு ஜூஸ் தையல்ல தச்சது, அதாவது நாலு பெரிய தாள மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி எட்டு தாளு ஆக்கி, மடிப்புல நூலு போட்டு தைக்கிறது. "இது மூணாவது தாளு. அங்கிட்டு ஆறாவது இருக்குல்ல, அதுவும் இதேதான். ஒரே தாளு. இத அறுத்து எடுத்தா அது நிக்காது தம்பி" அப்படின்னாரு. மூணாவது தாளுல இருந்தது என்னோட சீனக் கவிதை மொழிபெயர்ப்பு. ஆறாவதுல ரோம் ரேடியோ பேச்சு. முப்பது வருஷம் பொரட்டிருக்கேன், அது ரெண்டும் ஒரே தாளுன்னு எனக்குத் தெரியாது. அறுத்துத்தான் ஆகணும்னா ஓரத்துல பட்டைக் காயிதம் ஒட்டி ஒட்டித் தைக்கலாம், செஞ்சு தர்றேன், ஆனா மடிப்புல தச்ச மாதிரி வலுவா இருக்காது, நீங்க சொல்லுங்கன்னு எனக்காக காத்துக்கிட்டு இருந்தாரு. வாசல்ல இஸ்திரி வண்டிக்காரரு கரி தட்டுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அறுக்க வேண்டாம் பாய், இருக்கிறபடியே தச்சுருங்கன்னு சொல்லிட்டேன்.

வேலை எப்படி நடந்துச்சுன்னு ரெண்டு தடவை போயி உக்காந்து பாத்தேன். செல்லோடேப்ப எடுக்கிறதுக்கு மேல ஒரு காயிதத்த வச்சு இஸ்திரிப் பெட்டிய லேசான சூட்டுல வச்சு வச்சு எடுத்து, பசை இளகுனதும் நகத்தால மெதுவா உரிச்சாரு, ஒரு பக்கத்துக்கு முக்கா மணி நேரம். பழுப்புக் கறை போகல, அது போகாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாரு. பசை அங்கயே காய்ச்சுறாக, மைதாவுல மயில் துத்தம் போட்டு, பூச்சி அண்டாது. உள்ள துண்டு துண்டா ஒட்டியிருக்கதால நோட்டு முன்னாடி உப்பி விசிறி மாதிரி இருந்துச்சு, முதுகு பழசு விட்டதுக்கே அதான் காரணமாம், அதுக்கு ஒவ்வொரு கட்டுலயும் மடிப்புப் பக்கமா ஒல்லிப் பட்டைக் காயிதம் குடுத்துத் தச்சாரு, இப்ப முன்னயும் பின்னயும் ஒரே கனம். முதுகுக்கு காடாத் துணி, மேல பழைய செவப்புத் துணியவே கழுவாம தட்டி எடுத்து திரும்ப ஒட்டிட்டாரு, ஓரத்துல மட்டும் புதுக் காலிகோ பைண்டிங் துணி. மஞ்சள் பூசுன மொதத் தாளு அப்படியே இருக்கு. கறுத்துப் போன ஃபேக்ஸ் தாள தூக்கிப் போட்டுரலாம்னு நான் சொன்னேன், "நீங்க ஒட்டுனது, இருந்துட்டுப் போகுது"ன்னு ஒரு உறை செஞ்சு அது இருந்த எடத்துலயே வச்சுட்டாரு. நடுவுல எங்கிட்டோ இருந்து விழுந்த பழைய பாண்டியன் பஸ் டிக்கெட் ஒண்ணக் கூட தனியா கவர்ல போட்டு குடுத்தாரு, அவ்வளவு பத்திரம்.

கொறையும் சொல்லணும். பத்து நாளுன்னு சொன்னாரு, இருவத்தி நாலு நாளு ஆச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டாரு, நேர்லதான் போகணும், அவசரம்னா இங்க குடுக்காதீங்க. முதுகுல தங்க எழுத்து போட அவருகிட்ட வசதி இல்ல, பேரு வேணும்னா வேற எங்கயாச்சும் போட்டுக்கணும், நான் வெறுமனே விட்டுட்டேன். புதுத் தையல் இறுக்கமா இருக்கதால மொத ஒரு மாசம் முழுசா விரிச்சு வைக்க முடியல, இப்பத்தான் இளகி வருது. லேமினேஷன் போட்ட மத்த ரெண்டு பக்கத்த அவராலயும் ஒண்ணும் பண்ண முடியல, பிரிச்சா எழுத்தும் சேந்து வந்துரும்னு அப்படியே தச்சுட்டாரு.

காசு எண்ணூத்தி அம்பது ரூபா, அட்வான்ஸ் எரநூறு. நாலு நாளு முழு வேலை அது, அம்புட்டுதான் கேட்டாரு. நான் ஆயிரமா குடுத்ததுக்கு மிச்சத்த திருப்பிக் குடுத்துட்டாரு.

பொங்கலுக்கு மக வந்தப்ப முழு நோட்டையும் அவகிட்டதான் குடுத்தேன், மூணாவது தாளையும் ஆறாவது தாளையும் சேத்துப் புடிச்சுக் காட்டி. கடைசிக் கட்டுல எட்டு தாளு இன்னும் வெறுமையா இருக்கு, பாய்தான் கணக்குப் பண்ணி சேத்து வச்சாரு. அவ போகும்போது ஒரு பென்சில எடுத்து ரேடியோ பக்கத்துக்குக் கீழ ஏதோ எழுதுனா, நான் ஊருக்குப் போனதுக்கப்புறம் படிங்கன்னு சொல்லிட்டுப் போனா.

போறவங்க காலைல பத்து மணிக்கு மேல போங்க. நோட்ட பிளாஸ்டிக் கவர்ல சுத்தாம துணிப் பைல எடுத்துட்டுப் போங்க, கழண்ட தாள நீங்களா ஒட்டாதீங்க, எந்தத் தாளு எங்க இருந்துச்சோ அந்த எடத்துலயே செருகிக் குடுங்க, மத்தத அவரு பாத்துக்குவாரு.